உப்புப் பார்க்காத அடுப்படி

அன்பு மகனுக்கு,

நேற்றிலிருந்து இங்கே மழை விட்டு விட்டுப் பெய்கிறது. கடையைக் காலை பத்து மணிக்கே பூட்டிவிட்டு வந்து இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். ஐப்பசி மாதத்தில் உரக்கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு வந்த ஆள் இந்தக் கோவில்பட்டியிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். விவசாயம் பார்க்கிற புதூர்ப் பக்கத்துச் சம்சாரிகள் யூரியாவுக்கு வந்து, பூட்டைப் பார்த்து என்னை நல்லாத் திட்டிக்கொண்டு நிற்பார்கள். திட்டட்டும். இதையெல்லாம் போனில் சொல்லியிருக்கலாம். சொன்னால் நீ "சரிப்பா, சரிப்பா, மீட்டிங் இருக்குப்பா" என்று வைத்துவிடுவாய். அந்தச் "சரிப்பா"வின் அர்த்தம் எனக்குத் தெரியும், நானும் என் அப்பாவிடம் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். கடிதம் என்றால் பாதியில் வாயை அடைக்க முடியாது. கோபம் வந்தால் கிழித்துப் போடு, ஆனால் முழுக்கப் படித்துவிட்டுக் கிழி.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தீபாவளிக்கு வந்த நீ, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தாய். அன்று சாயங்காலமே தனியாகப் பஸ் ஏறி ஓசூர் போய்ச் சேர்ந்தாய். உன் பெண்டாட்டி தேவி, "நாலு நாள் இருந்துட்டு வாரேன்" என்று இங்கே நின்றுவிட்டாள். இன்றைக்குப் பதினோரு நாளாகிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை கயத்தாற்றில் தன் அம்மா வீட்டுக்குப் போகப்போவதாக நேற்று என்னிடம் சொன்னாள். "போயிட்டு வா, தாயி" என்றேன். இங்கிருந்து அரைமணி நேரப் பஸ், ஒரு கைப்பை போதும். ஆனால் அவள் ஓசூரிலிருந்து கொண்டுவந்த பெரிய பெட்டியில் எல்லாத் துணியையும் மடித்து அடுக்கி வைத்திருக்கிறாள். சார்ஜர் வயர் வரை உள்ளே போய்விட்டது. அந்தப் பெட்டி கயத்தாறு போய் இறங்கிவிட்டால், திரும்ப ஓசூருக்கு ஏறுவது லேசுப்பட்ட காரியமில்லை, ஏலே.

தேவி உன்னைப் பற்றி ஏதோ ஓதிவிட்டாள் என்று நினைத்துவிடாதே. ஒரு வார்த்தை சொல்லவில்லை அந்தப் பிள்ளை. காலையில் குளித்துவிட்டு லேப்டாப்பைத் திறந்து ஆபீஸ் வேலையைப் பார்க்கிறாள், மத்தியானம் உன் அம்மாவோடு அடுப்படியில் நிற்கிறாள், சாயங்காலம் எனக்குக் காப்பி போட்டுத் தருகிறாள். சண்டை போட்டால்கூடச் சமாதானம் பண்ணலாம். இப்படி அமைதியாக இருக்கிற ஆளிடம் என்ன பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை. உன் அம்மாவும் இப்படித்தான் இருந்தாள். அதை நான் அப்போது குணம் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமையை நினைத்துப் பார். காலையில் மழை வெறித்ததும் நான் நம் காட்டுக்குப் போய், மக்காச்சோளத்துக்கு ஊடே தானாக முளைத்துக் கிடந்த பண்ணைக்கீரையை ஒரு மடி பறித்து வந்தேன். செருப்பு ஒவ்வொன்றிலும் ஒரு கிலோ கரிசல் மண் ஒட்டியிருந்தது. கீரையைப் பார்த்ததும் தேவிக்கு முகமெல்லாம் சிரிப்பு. "இன்னைக்கு நீங்க சும்மா இருங்க அத்தை, நான் ஒருத்தியே பார்த்துக்கிடுதேன்" என்று உன் அம்மாவைக் கையைப் பிடித்து வெளியே உட்கார வைத்தாள். தலைதீபாவளி போன வருஷம் கயத்தாற்றில் போய்விட்டது. இந்த வருஷம்தான் நம் வீட்டில். அவள் நம் அடுப்பில் தனியாகச் சமைத்த முதல் சாப்பாடு அது. உளுந்தஞ்சோறு, எள்ளுத் துவையல், கீரைக் குழம்பு. தேங்காயும் பூண்டும் மணக்கிற மணத்தில் நான் இரண்டு தரம் அடுப்படியை எட்டிப் பார்த்தேன்.

உட்கார்ந்தோம். நீ முதல் வாய் வைத்தாய். குழம்பு உப்புக் கரித்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஓசூரில் அவள் பழகியது பொடி உப்பு, இங்கே கல் உப்பு. கை அளவு தப்பிவிட்டது. அவ்வளவுதான் நடந்தது. நீ, "இதை மனுஷன் திம்பானா?" என்றாய். தட்டைத் தள்ளினாய். அது போய்த் துவையல் கிண்ணத்தில் இடித்து, கிண்ணம் கவிழ்ந்து, துவையல் தரையெல்லாம் போயிற்று. தேவி கையில் அகப்பையோடு நின்றது நின்றபடி நின்றாள். நீ எழுந்து போனபிறகு நடந்தது உனக்குத் தெரியாது. நானாவது சாப்பிட்டிருக்க வேண்டும். தயிரை ஊற்றிப் பிசைந்து, "நல்லாத்தான் இருக்கு, தாயி" என்று ஒரு பொய் சொல்லியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? நானும் கையைக் கழுவினேன். ஒரு பெண் பிள்ளை ஆசையாகச் சமைத்த சோற்றின் முன்னால் அப்பனும் மகனும் அடுத்தடுத்து எழுந்து போனோம். அதை எழுதும்போதே எனக்குக் கூசுகிறது.

மறுநாள் காலையில் காப்பி கொண்டுவந்த தேவியிடம் மெதுவாகக் கேட்டேன். "ஏம்மா, குழம்பு கொதிக்கும்போதே ஒரு சொட்டு வாயில விட்டுப் பார்த்திருந்தா தெரிஞ்சிருக்குமே?"

"பார்க்கத்தான் மாமா போனேன். உள்ளங்கையில ஊத்திக்கூட வச்சிட்டேன். வெளிய உட்கார்ந்து பார்த்துக்கிட்டு இருந்த அத்தைதான், இந்த வீட்டுல வாயில வச்சுப் பார்க்கிற வழக்கம் இல்லம்மா, கையைக் கழுவிருன்னு சொன்னாவ."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. இதென்ன புது வழக்கம்? உன் அம்மாவைக் கூப்பிட்டேன். "ஏட்டி, இங்கன வா. உப்புப் பார்க்கக் கூடாதுன்னு இந்தப் பிள்ளைகிட்ட நீயா சொன்ன? எவன் சொன்னான் உனக்கு அப்படி?"

உன் அம்மா ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தாள். "நீங்கதான சொன்னீங்க" என்றாள்.

"நானா? எப்போ?"

"கல்யாணம் ஆகி வந்த வருஷம். புரட்டாசி மூணாஞ் சனிக்கு மறுநாள்."

மகனே, நம் வீட்டில் புரட்டாசிச் சனிக்கிழமைகளில் பெருமாளுக்குத் தளிகை போடுவது உனக்குத் தெரியும். சர்க்கரைப் பொங்கல், புளியோதரை, வடை எல்லாம் சாமிக்குப் படைத்தபிறகுதான் வாயில் வைப்போம். அதுவரை உப்பு, புளி எதையும் சமைக்கிற ஆள் ருசி பார்ப்பதில்லை. அந்த நாலு சனிக்கிழமைக்கும்தான் அந்தச் சட்டம், மற்ற நாளுக்கு இல்லை. உன் அம்மா முதல் வருஷம் அதைச் சுத்தமாகச் செய்தாள். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை சாம்பார் வைத்தவள், எல்லாப் பெண்களும் செய்வதுபோல உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நாக்கில் வைத்துப் பார்த்திருக்கிறாள். தண்ணீர் குடிக்க உள்ளே போன நான் அதைப் பார்த்துவிட்டு, "பெருமாளுக்கு மட்டும்தான் சுத்தமா? கட்டின புருஷனுக்கு எச்சிலா?" என்று கேட்டேனாம். கேட்டுவிட்டுத் தண்ணீரைக் குடித்துவிட்டுக் கடைக்குப் போய்விட்டேனாம்.

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு அது துளிகூட ஞாபகம் இல்லை. புது மாப்பிள்ளை முறுக்கில் வாய்க்கு வந்ததைச் சொல்லியிருப்பேன். உன் அம்மாவுக்கு அன்றைக்குக் கட்டியிருந்த சேலை வரை ஞாபகம் இருக்கிறது. ஊதாச் சேலை, மஞ்சள் கரை. அன்றோடு அவள் அடுப்பில் இருக்கிற எதையும் வாயில் வைத்துப் பார்ப்பதை விட்டுவிட்டாள். முப்பத்தொரு வருஷம். அந்த முப்பத்தொரு வருஷமும் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்பதுதான் உனக்கே தெரியுமே. "என்னட்டி உப்பு இது?" என்று தட்டைத் தள்ளிக்கொண்டிருந்தேன். கண்ணைக் கட்டி நடக்கவிட்டு, எங்கேயாவது முட்டிக்கொண்டால் "கண்ணு தெரியாதா?" என்று அதட்டின மாதிரி. அட முட்டாள் பயலே என்று என்னை நானே திட்டிக்கொண்டேன், ஆனால் மனசுக்குள்தான்.

"அப்புறம் எப்படிட்டி இத்தனை வருஷம் சமாளிச்ச?" என்று கேட்டேன்.

"வாசனை வச்சுத்தான். உப்பு சரியா இருந்தா கொதி வாசனையே வேற. பாதி நாள் சரியா வரும், பாதி நாள் உங்ககிட்ட ஏச்சு விழும்." தேவி பக்கம் திரும்பினாள். "அப்புறம் உங்க மகன் வந்தான்லா."

இது உனக்குத் தெரியாத செய்தி. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், விடுமுறை நாளில் மத்தியானத்துக்கு முன்னாலும், "ஏய்யா, இங்கன வா" என்று உன்னைக் கூப்பிட்டு ஒரு கரண்டி குழம்பை உன் கையில் விடுவாளே, ஞாபகம் இருக்கிறதா? பிள்ளைக்குப் பாசத்தில் முதலில் கொடுக்கிறாள் என்று நீயும் நினைத்திருப்பாய், நானும் நினைத்தேன். பாசமும்தான். ஆனால் நீ "உப்பு போதும்மா", "கொஞ்சம் வேணும்மா" என்று சொல்வதை வைத்துத்தான் அவள் எனக்குப் பரிமாறினாள். சின்னப் பிள்ளை வாய் வைத்தால் எச்சில் கிடையாது என்று அவளாகவே ஒரு சட்டம் போட்டுக்கொண்டாளாம். அதைச் சொல்லும்போது உன் அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை, தேவியும் சிரித்துவிட்டாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. நீ கல்லூரி ஹாஸ்டலுக்குப் போன வருஷத்திலிருந்து சாப்பாட்டில் மறுபடி உப்பு முன்னேபின்னே ஆயிற்று. "மகன் போனதும் இவளுக்குக் கை கட்டுப்படலை" என்று வந்தவர் போனவரிடமெல்லாம் கேலி பேசினேன். அவள் மோர் ஊற்றினாள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். உனக்கு ஆறு வயது இருக்கும். ஒருநாள் மத்தியானம் நான் ஏதோ குறை சொல்லித் தட்டைத் தள்ளினேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த நீ என் முகத்தைப் பார்த்தாய். பார்த்துவிட்டு உன் குட்டித் தட்டை அதேபோல விரலால் தள்ளி, "எனக்கும் வேண்டாம், நல்லால்ல" என்றாய். பத்து நிமிஷத்துக்கு முன்னால் அடுப்படியில் நீயே நாக்கில் வைத்து "சரியா இருக்கும்மா" என்று சொன்ன அதே குழம்பு. எனக்கு வந்ததே சிரிப்பு! "பாருட்டி, என் மகன்!" என்று உன்னைத் தூக்கிக் கொஞ்சினேன். அன்றைக்கு உன் முதுகில் ஒன்று வைத்து, என் முதுகில் இரண்டு வைத்திருக்க வேண்டும். நான் கொஞ்சினேன். நீ கற்றுக்கொண்டாய். அந்த ஞாயிற்றுக்கிழமை உன் கை போன விதம் அப்படியே என் கைதான். விரல் கூட அதே விரல்.

சரி, இந்தப் பதினோரு நாளில் இங்கே நடந்த நல்லதையும் சொல்ல வேண்டாமா? அந்தத் திங்கட்கிழமை நான் ஒரு வேலை செய்தேன். அடுப்படிக்குள் போய், கொதிக்கிற ரசத்தை அகப்பையால் மோந்து, உன் அம்மா பக்கம் நீட்டி, "கையைக் காட்டு" என்றேன். "போங்க அங்கிட்டு, இந்த வயசுல" என்று வெட்கப்பட்டாள். தேவிதான் அத்தையின் கையைப் பிடித்து விரித்து வைத்தாள். ஒரு சொட்டு விட்டேன். உன் அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு அதை நாக்கில் வைத்தாள். அப்புறம், "புளி தூக்கலா இருக்கு" என்று மட்டும் சொன்னாள். குரல் ஒரு மாதிரி இருந்தது. தேவி அவளைக் கட்டிக்கொண்டாள். நான் கருவேப்பிலை பறிக்கிற சாக்கில் கொல்லைக்குப் போய்விட்டேன்.

அதிலிருந்து நம் வீட்டில் சமையல் என்றால் கூத்துதான். மூன்று பேரும் மாற்றி மாற்றி ருசி பார்க்கிறோம். செவ்வாய்க்கிழமை வைத்த புளிக்குழம்பு பரிமாறும் முன்னாலேயே கால்வாசி காலியாகிவிட்டது. "மாமா, இது உப்புப் பார்க்கிறதா, பந்தியா?" என்று தேவி அகப்பையைப் பிடுங்குகிறாள். என்னைச் சின்ன வெங்காயம் உரிக்க உட்கார வைத்துவிட்டார்கள். உர மூட்டை தூக்கின கைக்கு அது அடங்க மாட்டேன் என்கிறது. நான் ஒன்று உரிப்பதற்குள் உன் அம்மா பத்து உரிக்கிறாள். உளுந்தஞ்சோற்றை ஒரு நாள் நானே வைத்தேன். அடி கொஞ்சம் பிடித்தது. அதையும் சுரண்டித் தின்றோம். சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டால் நான் கடைத்தெருவில் காராச்சேவு வாங்கிவருகிறேன், தேவி கருப்பட்டிக் காப்பி போடுகிறாள், உன் அம்மா ஊர்க் கதை சொல்கிறாள். அவள் இவ்வளவு பேசுவாள் என்று எனக்குத் தெரியாது. பேச விட்டிருந்தால்தானே தெரியும்? நம் காட்டில் உளுந்து நன்றாகப் பிடித்து நிற்கிறது. இத்தனை சந்தோஷத்தையும் வைத்துக்கொண்டு, உன் இடம் காலியாக இருக்கிறதே என்று மூன்று பேருக்கும் உள்ளுக்குள் உறுத்தல். தேவி நான்கு தட்டு எடுத்து, ஒன்றைத் திரும்ப வைப்பதை இரண்டு தரம் பார்த்துவிட்டேன்.

உனக்குப் புத்தி சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. இருந்தாலும் உன்னைப் பெற்றவன், சொல்லாமல் இருக்க முடியவில்லை. சாப்பாட்டில் குறை இருந்தால் சொல். சொல்லாமல் விழுங்கு என்று நான் சொல்லவில்லை, அது வேறு மாதிரி வினை. "இன்னைக்கு உப்பு கூடிப்போச்சு, தேவி, கொஞ்சம் தயிர் ஊத்து" என்று சொன்னால் முடிந்துபோகிற காரியம். தட்டைத் தள்ளுவது குறை சொல்வதில்லை, மகனே. அது ஆளைத் தள்ளுவது. வெளியே ஆபீசில் எவனோ உன்னைப் பேசியிருப்பான், பஸ்ஸில் இடம் கிடைத்திருக்காது, அதையெல்லாம் சோற்றுத் தட்டில் வந்து இறக்காதே. நான் அப்படித்தான் இறக்கினேன். விதைப்புக் காலத்தில் டிஏபி உரம் வரத்து இல்லை என்று சம்சாரிகள் கடையில் சத்தம் போட்டால், வீட்டில் குழம்புக்கு உப்பு இருக்காது. உன் அம்மாவுக்கு மழைக்காலம் வந்தாலே பயமாக இருக்குமாம். ஊரே வானத்தைப் பார்த்து ஏங்குகிற மாதத்தில் அவள் மட்டும் பயந்துகொண்டிருந்திருக்கிறாள். இதைப் போன வாரம்தான் எனக்குச் சொன்னாள்.

இன்றைக்கு வியாழக்கிழமை. கூரியரில் போட்டால் நாளைக்கு இது உன் கைக்கு வந்துவிடும் என்கிறார்கள். நாளை ராத்திரி பஸ் ஏறினால் சனிக்கிழமை காலையில் இங்கே இறங்கலாம். லீவு இல்லை, அது இது என்று சொல்லாதே. போனில் மெசேஜ் போட்டு முடித்துவிடலாம் என்றும் பார்க்காதே. சேலை, கீலை என்று எதையும் வாங்கிக்கொண்டு வந்து நிற்காதே. தட்டைத் தள்ளினது எங்கள் முன்னால், மன்னிப்புக் கேட்பதும் எங்கள் முன்னால் இருக்கட்டும். "தப்புதான் தேவி, என்னைய மன்னிச்சிரு" என்று சொல். அதற்குப் பிறகு ஓசூருக்கா, கயத்தாற்றுக்கா என்பதை அவள் முடிவு பண்ணட்டும். கயத்தாறு என்றால் பெட்டியை நீ தூக்கிக்கொண்டு கூடப் போ.

இவ்வளவையும் எழுதி முடித்துவிட்டு, ஒட்டும் முன்னால் உன் அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். தேவி மாடியில் ஆபீஸ் வேலையாக இருந்தாள். உன் அம்மா சுளகில் உளுந்தைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டே கேட்டாள். நடுவில் ஒரு தரம் சிரித்தாள், ஒரு தரம் மூக்கை உறிஞ்சினாள். முடிந்ததும், "நல்லாத்தான் எழுதிருக்கீங்க" என்றாள்.

"அப்போ அனுப்பிரட்டுமா?"

"அனுப்புங்க. ஒண்ணு மட்டும் கேக்குதேன். அவனை மன்னிப்புக் கேளு, மன்னிப்புக் கேளுன்னு எழுதிருக்கீங்களே. நீங்க இன்னும் என்கிட்ட கேக்கலையே?"

ரசத்தைக் கையில் விட்டேன், வெங்காயம் உரித்தேன், சேவு வாங்கிவந்தேன், நாலு பக்கம் உனக்கு எழுதினேன். அவளிடம் அந்த ஒரு வார்த்தையைக் கேட்கவில்லை. அது எனக்குத் தோன்றவே இல்லை, மகனே. அப்புறம் கேட்டேன். கடையில் அத்தனை பேரோடும் மல்லுக்கட்டுகிற வாய்க்கு அந்த வார்த்தை வெளியே வருவதற்குள் வியர்த்துவிட்டது. "தப்புதான். என்னைய மன்னிச்சிரு" என்றேன்.

உன் அம்மா சுளகை ஒரு தட்டுத் தட்டினாள். என் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். சிரிக்கவில்லை. "யோசிச்சுச் சொல்லுதேன்" என்று சொல்லிவிட்டு, சுளகை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

யோசிக்கட்டும். முப்பத்தொரு வருஷத்தை யோசிக்க நேரம் ஆகும்தானே. பதில் வருகிற வரைக்கும் நான் காத்திருப்பேன். உன் தப்புக்குப் பதினோரு நாள்தான் ஆகிறது. சனிக்கிழமை வந்துவிடு.

அப்பா